வாடகை பூட்ஸில் நாதுலா

அண்ணனின் இடது காலை என் மடியில் வைத்துக்கொண்டு, நான் என் கையால் செய்த பூட்ஸை அதில் மாட்டப் பார்த்தேன். பாதிக்கு மேல் போகவில்லை.

சிக்கிமில், சாங்கு ஏரிக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக இருந்த தகரக் கடை அது. உள்ளே ஒரு இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நூடுல்ஸ் வேகும் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து அடித்தன. வெளியே பளீரென்று வெயில், ஆனால் துளி சூடு கிடையாது. வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு அப்படி ஒரு வெயில் ஏதோ மோசடி மாதிரி இருந்தது.

இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் நாதுலா கணவாய். பதினாலாயிரம் அடி உயரம். வேலிக்கு அந்தப் பக்கம் சீனா.

"தள்ளுடா மணி," என்றார் அண்ணன்.

"தள்றேன்ணா."

"நல்லா தள்ளு."

"இதுக்கு மேல தள்ளுனா தையல் விட்டுடும்."

அண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் கைகளைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். தலையில் மப்ளர், அதன் மேல் சால்வை, அதன் மேல் இன்னொரு சால்வை. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது.

"தம்பி, ஷூ கம்பெனில இத்தினி வருஷம் இன்னாதான் பண்ணீங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஹவாய் செருப்புக்காரர்

இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டுக்காரன் படம் அனுப்புவான். அதைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து காட்டுவது எங்கள் வேலை. அவனுக்குப் பிடித்தால் லைனில் ஆயிரக்கணக்கில் ஓடும். இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

என் அண்ணன் அதற்கு நேர் எதிர். கலவைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பத்தாவது முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். எங்கள் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். சில வருஷம் கழித்து, எண்பதுகளில் ஒரு குளிர்காலத்தில், அவருக்கு நாதுலா பக்கம் டூட்டி. பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, நனைந்த காலோடு ராத்திரி முழுக்க நின்றதில் இடது காலில் மூன்று விரல்கள் கருத்துப்போயின. எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவர் ஷூ போடவே இல்லை. காவேரிப்பாக்கத்தில் அண்ணி வீட்டோடு வந்து சேர்ந்தார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் காவல் வேலை பார்த்தார். அங்கேயும் ஹவாய் செருப்புதான். என் கல்யாணத்தில் பட்டுவேட்டி, பட்டுச்சட்டை, ஹவாய் செருப்பு. போட்டோவில் இன்றைக்கும் இருக்கிறது.

ஷூ செய்கிற தம்பிக்கு இது எவ்வளவு பேஜார் என்று யோசித்துப் பாருங்கள். நான் எத்தனையோ ஜோடி செய்து கொடுத்தேன். வாங்கிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். "தோலு நல்லாக்கீதுடா," என்பார். அப்படியே பரணில் ஏற்றிவிடுவார்.

கோபம் வரும் எனக்கு. அவர் எதற்காகப் போடவில்லை என்று நான் கேட்டதே இல்லை. காலைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டுவார். மாடு அப்போதுதான் குடித்திருக்கும்.

அரக்கோணம் ஸ்டேஷன் பெஞ்சில்

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அண்ணனும் நானும் அரக்கோணம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். ரயில் லேட். எங்களோடு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரப் பையன், புதுசாகக் கல்யாணமானவன், தேனிலவு போன வீடியோவைப் போனில் காட்டினான். அவனும் அவன் பெண்டாட்டியும் பனிக்கு நடுவில் நின்று, ஆவி பறக்கும் நூடுல்ஸைத் தின்றுகொண்டே சிரிக்கிறார்கள்.

"இது எந்த ஊருப்பா?" என்று கேட்டார் அண்ணன்.

"நாதுலா போற வழி பெரிப்பா. சைனா பார்டரு."

அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பையன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவன் ஊர் ரயிலில் ஏறிப் போன பிறகும் அண்ணன் அதே நினைப்பில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. திடீரென்று சிரித்தார்.

"அங்க நூடுல்ஸ் விக்கிறான்டா மணி."

"ஆமாண்ணா."

"பொம்பளைங்கல்லாம் போறாங்க."

"போறாங்க."

ஒரு சரக்கு ரயில் கடந்துபோனது. அது போய் முடிகிறவரை காத்திருந்து, பிறகு சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக.

"என்ன கீழ எறக்கும்போது ஸ்ட்ரெச்சர்ல எறக்குனாங்க. ரெண்டு பக்கமும் எங்க செட்டு பசங்க நின்னு பாக்குறானுங்க. எனக்கு அவமானமாப் போச்சி. கம்பளிய இழுத்து மூஞ்ச மூடிக்கினேன். கீழ வர்ற வரைக்கும் தொறக்கல. பொணம் மாதிரி வந்தேன்டா."

நான் குனிந்து அவருடைய ஹவாய் செருப்பைப் பார்த்தேன்.

"ஒரு தபா அங்க போவணும். போயி, நடந்து எறங்கணும். அவ்ளதான்."

எல்லோரும் மலை ஏற ஆசைப்படுவார்கள். இவருக்கு இறங்க ஆசை. இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும், வயசு எழுபதை நெருங்குகிறது, காலில் விரல் இல்லை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. "போலாம்ணா," என்றேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"செருப்போட போவ முடியாது. நீயே ஒரு பூட்ஸ் செஞ்சிடு."

நான் செய்த அற்புதம்

அந்த பூட்ஸைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுத முடியும். ஆசிரியர் வெட்டிவிடுவார் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நல்ல மாட்டுத் தோல், எண்ணெய் ஊட்டியது, தண்ணீர் பட்டால் உருண்டு ஓடும். அடியில் பனியில் வழுக்காத ரப்பர். உள்ளே ஆட்டுத்தோல் லைனிங். அண்ணன் காலை அளந்து, ஷூ செய்யும் கால் அச்சையே அவர் காலுக்கு ஏற்ற மாதிரி செதுக்கினேன். இடது பூட்ஸின் மூக்கில், விரல் இல்லாத இடத்துக்கு, கார்க்கும் பஞ்சும் வைத்து ஒரு திண்டு செய்து உள்ளே ஒட்டினேன். இல்லாவிட்டால் நடக்கும்போது கால் முன்னால் சறுக்கும், தோல் மடங்கி உரசும்.

அவர் வீட்டு மொட்டை மாடியில் போட்டுப் பார்த்தார். நல்ல சித்திரை வெயில். வெறும் காலில் மாட்டி, கயிற்றைக் கட்டி, தண்ணி டேங்கைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அண்ணி கீழேயிருந்து படியேறி வந்து பார்த்தார்.

"எப்டிணா கீது?"

"காலு மாதிரியே கீதுடா."

எங்கள் தொழிலில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அன்றைக்கு நான் சாப்பிடாமலே தூங்கியிருப்பேன், அவ்வளவு நிறைவு. அண்ணி விடாமல் மீன் குழம்பு ஊற்றினார், காவேரிப்பாக்கம் ஏரி மீன். அதையும் ஒரு கை பார்த்தேன்.

வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சு நன்றாக இருக்கிறது, அவசரப்படாமல் ஏறுங்கள், வழியில் தங்கித் தங்கிப் போங்கள் என்றார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் என் மனைவி வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் காட்பாடியில் ரயில் ஏறினோம். அண்ணி கட்டி வந்த புளிச்சோறு ஒடிசா வரை வந்தது. நியூ ஜல்பைகுரியில் இறங்கி, ஜீப் பிடித்து காங்டாக் போய், அங்கே தங்கிக் குளிருக்கு உடம்பைப் பழக்கி, ராணுவ அனுமதி எல்லாம் வாங்கினோம்.

அனுமதி வாங்கும்போது, முன்னாள் ராணுவத்தான் என்று சொன்னால் மரியாதை கிடைக்குமே என்றேன். அண்ணன் முறைத்தார்.

"எவன்கிட்டயும் சொல்லாத. டூரிஸ்டாத்தான் வந்துக்கிறேன்."

ஒரு ஜோடி சாக்ஸ்

இப்போது அந்தத் தகரக் கடைக்குத் திரும்புவோம். காங்டாக் கடைத்தெருவில் அண்ணி நல்ல தடிமனான கம்பளி சாக்ஸ் வாங்கியிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட வேண்டும், இல்லாவிட்டால் காலில் குளிர் ஏறிவிடும் என்று கடைக்காரி சொன்னாளாம். விரல் போன காலுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும் என்று அண்ணியே முடிவு செய்து, காலையில் அண்ணன் காலில் இரண்டையும் மாட்டிவிட்டார்.

சாக்ஸ்.

நான் அதை நினைக்கவே இல்லை. எங்கள் ஊரில் சாக்ஸ் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. சாயங்காலம் கழற்றினால் வீட்டில் யாரும் பக்கத்தில் போக முடியாது, அதோடு சரி. ஷூ என்றால் வெறும் காலில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

இதில் கேவலம் என்னவென்றால், குளிர்நாட்டுக்காரர்களுக்கு நான் எத்தனையோ பனி பூட்ஸ் செய்திருக்கிறேன். அவர்கள் அனுப்பும் கால் அச்சு எப்போதும் தொளதொளவென்று இருக்கும். "எதுக்கு இவனுங்க இவ்ளோ எடம் உடறானுங்க, தோலுதான் வேஸ்ட்டு," என்று சாம்பிள் ரூமில் நாங்கள் சிரிப்போம். எங்களில் ஒருத்தனுக்கும், அந்த இடம் சாக்ஸுக்கு என்று உறைத்ததில்லை. வேலூர் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு எப்படி உறைக்கும்?

"ஒரு சாக்ஸ கழட்டிட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

கழற்றிப் பார்த்தோம். குதிகால் இறங்கவில்லை. குளிரில் தோலும் விறைத்திருந்தது. வெறும் காலில் போட்டால் போகும். ஆனால் வெறும் காலோடு அவரை அந்தக் குளிரில் அனுப்ப நானும் அண்ணியும் தயாராக இல்லை. ஒரு தடவை விரலைக் கொடுத்த கால் அது.

எங்கள் டிரைவர் பாசாங் உள்ளே எட்டிப் பார்த்தான். சிரித்த முகம், முப்பது வயசுக்குள் இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று இந்தியில் சொன்னான். பிறகு சுவரைக் கை காட்டினான்.

சுவர் முழுக்க வரிசையாக முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்கள். கறுப்பு, மஞ்சள், பூப்போட்டது. வருகிறவர்கள் எல்லாம் வாடகைக்கு எடுப்பது அதைத்தான்.

நான் தோல்காரன். வாழ்நாள் முழுக்கத் தோல் வேலையில் சோறு தின்றவன். என் அண்ணன் முதன்முதலில் போட ஒப்புக்கொண்ட பூட்ஸ் என் மடியில் கிடக்கிறது. ஊரார் எல்லாம் கால் விட்ட வாடகை ரப்பரில் அவர் ஏறுவதா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் என் தோளில் கை வைத்தார். "அந்தக் கறுப்ப எடு," என்று அடுப்படியில் நின்ற கடைக்காரப் பெண்ணுக்குக் கை காட்டினார்.

கறுப்பு ரப்பரில் இரண்டு சாக்ஸோடு கால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வலது கால் சரியாக இருந்தது. இடது கால் உள்ளே ஆடியது. இரண்டு எட்டு வைத்துப் பார்த்தார். மூன்றாவது எட்டில் தடுமாறி மேஜையைப் பிடித்தார். விரல் இல்லாத இடம் காலியாக இருந்ததால், ரப்பர் மடங்கிக் காலை வாரியது.

பாசாங் தலையைச் சொறிந்தான். "பெரியவரைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள்," என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். காவேரிப்பாக்கத்திலிருந்து இத்தனை தூரம் வந்த மனுஷன்.

கடைக்காரப் பெண்ணிடம் கோஸ் நறுக்கும் கத்தியை வாங்கினேன்.

"தம்பி, இன்னா பண்றீங்க?" என்றார் அண்ணி.

என் பூட்ஸின் மூக்கைக் கிழித்தேன். லைனிங்கை அறுத்து, உள்ளே கை விட்டு, நான் ஒட்டிய திண்டைப் பிய்த்தெடுத்தேன். ஒட்டியதும் நானேதான் என்பதால் லேசில் வரவில்லை. வந்ததும் அதைக் கொஞ்சம் செதுக்கி, என் கைக்குட்டையில் சுற்றி, வாடகை பூட்ஸின் மூக்கில் திணித்தேன்.

அண்ணன் மாட்டிக்கொண்டு எழுந்தார். நடந்தார். அடுப்பைச் சுற்றி வந்தார்.

"போலாம்," என்றார்.

கிழிந்த என் பூட்ஸை அந்தப் பெண் எடுத்துத் திருப்பிப் பார்த்து, என்னையும் பார்த்தாள். நல்ல பொருளை இப்படிச் செய்த பைத்தியம் யார் என்று நினைத்திருப்பாள்.

வேலிக்கு இந்தப் பக்கம்

நாதுலா பழைய வியாபாரப் பாதை. திபெத்திலிருந்து கம்பளியும் யாக் வாலும் தோலும் கோவேறு கழுதைகள் மேல் இந்தக் கணவாய் வழியாகத்தான் இறங்கி வருமாம். தன் தாத்தா காலத்துக் கதை என்று பாசாங் சொல்லிக்கொண்டே ஓட்டினான். தோல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க போனாலும் உங்களுக்கு அந்தப் பேச்சுதான்," என்றார் அண்ணி.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து மேலே படிகள். அண்ணி இறங்கவில்லை. "என் முட்டிக்கு இது ஆவாது. ரெண்டு பேரும் பத்திரமா போய்ட்டு வாங்க," என்று ஒரு கற்பூர வில்லையை என் கையில் கொடுத்தார். மூச்சு முட்டினால் மோந்து பார்க்க வேண்டுமாம். போனையும் அவரிடமே விட்டுவிட்டோம். மேலே போட்டோ எடுக்க அனுமதியில்லை. அதனால் இங்கே அச்சடிக்க என்னிடம் படம் எதுவும் கிடையாது.

"அப்ப இந்தப் படியெல்லாம் இல்லடா," என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேசினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கொஞ்சம் ஏறுவார், நிற்பார். நான் அவருக்காக நிற்கிற மாதிரி பாவனை செய்தேன். உண்மையில் எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எங்களைத் தாண்டி இளசுகள் சிரித்துக்கொண்டு ஏறின. கொஞ்ச தூரத்தில் அவர்களும் மூச்சிரைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஏறிவிட்டோம். மேலே காற்று காதை அறுத்தது. ஒரு வேலி. அந்தப் பக்கம் ஒரு கட்டடம், ஒரு கொடி, இரண்டு சீனச் சிப்பாய்கள். சீனாக்காரனைப் பார்த்ததும் என் கண் முதலில் போனது அவன் பூட்ஸ் மேல். நல்ல வேலைப்பாடு, மூக்குப் பகுதியில் தையல் கொஞ்சம் சுமார். தொழில் புத்தி எங்கே போகும்?

அண்ணன் சீனாவைப் பார்க்கவே இல்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் பாதை, அதற்கும் கீழே வெள்ளை வெளேரென்று பள்ளம்.

"இவ்ளோ அழகா இருந்திருக்குதுடா," என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, அவருடைய உதடு நீலமாக இருப்பதை நான் பார்த்தேன்.

நம்பர் ஏறட்டும்

மேலே ராணுவத்தின் சின்ன மருத்துவ அறை இருக்கிறது. கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த இளம் சிப்பாய் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு கிளிப்பை அண்ணன் விரலில் மாட்டிப் பார்த்தார். நம்பர் குறைவாக இருக்கிறது என்று சொல்லி முகமூடியை மாட்டி ஆக்சிஜன் வைத்தார். பிறகு வெளியே குரல் கொடுத்தார். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள்.

அண்ணன் அதைப் பார்த்தார். முகமூடியைப் பிடுங்கினார்.

"வேணாம்."

"அண்ணா, இரு, மாட்டிக்கோ."

"அதுல மட்டும் ஏத்தாதடா மணி. உன்ன கும்புடறேன்."

என் அண்ணன் என்னைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. பெரியவருக்கு என்ன பிடிவாதம் என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் இறக்குவதுதான் பத்திரம் என்றார். அவர் சொல்வதும் நியாயம். நான் யார் பக்கம் நிற்பது? ஏதாவது ஆகிவிட்டால் கீழே இருக்கும் அண்ணிக்கு யார் பதில் சொல்வது?

ஆம்பூரில் பாய்மார்களோடு வேலை செய்து கற்ற உருதுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவரும் உங்களை மாதிரி இங்கே நின்றவர், இந்த மலையில்தான் விரல் போனது, அன்றைக்கு முகத்தை மூடிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போனார், இன்று நடந்து இறங்கத்தான் வந்திருக்கிறார். சொல்லக்கூடாது என்று அண்ணன் போட்ட கட்டளையை மீறினேன். அவர் என்னை முறைத்தார், முறைக்கட்டும்.

சிப்பாய் அண்ணனின் இடது காலைப் பார்த்தார். விறைப்பாகச் சல்யூட் எல்லாம் அடிக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அண்ணன் முன்னால் உட்கார்ந்தார்.

"அப்படியென்றால் முகமூடியைக் கழற்றக்கூடாது," என்றார் இந்தியில். "நம்பர் ஏறட்டும். நான் சொல்கிற அளவுக்கு ஏறினால் நடந்து போங்கள். ஏறாவிட்டால் நான் சொல்கிறபடி கேட்க வேண்டும். சம்மதமா?"

அண்ணன் தலையாட்டினார். முகமூடியை அவரே மாட்டிக்கொண்டார்.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறேன், அந்த மாதிரி ஒரு காத்திருப்பு எனக்குப் புதிது. நம்பர் ஒன்று ஏறும், நிற்கும், இறங்கும், மறுபடி ஏறும். சிப்பாய் சூடான டீ கொடுத்தார். எனக்குத்தான், அண்ணனுக்கு இல்லை. கற்பூரத்தை எடுத்து நானே மோந்துகொண்டேன்.

அண்ணன் உதட்டில் நீலம் போய் மெல்லச் சிவப்பு திரும்பியது. சிப்பாய் கிளிப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு விரலில் மாட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நின்று நின்று போங்கள்," என்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியே சத்தம். வங்காளத்து அம்மா ஒருத்தர், ஐம்பது வயசிருக்கும், வேலி பக்கத்தில் மயங்கிச் சரிந்துவிட்டார். உள்ளே கொண்டுவந்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். கண் விழித்துவிட்டார், ஆனால் நிற்க முடியவில்லை. அண்ணனுக்காகக் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரிலேயே அவரைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள்.

இறக்கம்

நான்கு பேர் தூக்க, ஸ்ட்ரெச்சர் மெதுவாகப் படியிறங்கியது. பின்னால் அவர் கணவர் இரண்டு கோட்டு, ஒரு குடை, ஒரு கைப்பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பதறியபடி வந்தார். படியேறி வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவர்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த அண்ணன் நின்றுவிட்டார். அவருடைய கை கைப்பிடியில் இறுகியது. நான் முழங்கையைப் பிடித்தேன், உதறிவிட்டு இறங்கினார். ஒரு படி, இன்னொரு படி. வாடகை பூட்ஸ் ஒவ்வொரு படியிலும் தொப்தொப்பென்று சத்தம் போட்டது. ஸ்ட்ரெச்சரை எட்டிப் பிடித்து, அதன் பக்கத்திலேயே நடந்தார்.

அவர் பேசியது பட்டாளத்து இந்தி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"தங்கச்சி, முகத்தை மூடாதீங்க. பார்த்துக்கிட்டே போங்க. நானும் ஒரு தடவை இங்கிருந்து இப்படித்தான் மூடிக்கிட்டுப் போனேன். எதையும் பார்க்கலை. அதுக்காக இந்த வயசில் திரும்பி வர வேண்டியதாப் போச்சு."

சால்வை கொஞ்சம் இறங்கியது. கண் தெரிந்தது.

"எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டது மெல்லிய குரல்.

"மெட்ராஸ் பக்கம். ரொம்ப தூரம். நீங்க பக்கத்துலதான இருக்கீங்க, இருந்தாலும் எதுக்கு ரெண்டாவது செலவு?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவனும் சிரித்தான். சால்வை முகத்தை விட்டு முழுசாக இறங்கியது. அவர் தலையைத் திருப்பிப் பள்ளத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கணவரின் கையிலிருந்து கைப்பை நழுவிப் படியில் விழுந்தது. அண்ணன் குனிந்து எடுத்தார். கொடுக்கப் பார்த்தார், அந்த மனுஷருக்கு வாங்கக் கை இல்லை. அதனால் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார். சிவப்பு நிறம், ஜிகினா வைத்தது.

எங்கள் பட்டாளத்து அண்ணன், தோளில் சிவப்புக் கைப்பையும் காலில் வாடகை ரப்பர் பூட்ஸுமாக நாதுலாவிலிருந்து இறங்கினார். சிப்பாய் சொன்னபடி நின்று நின்றுதான் இறங்கினார். ஸ்ட்ரெச்சர்காரர்களும் மூச்சு வாங்க நின்றார்கள், அதனால் பிரிய வேண்டியிருக்கவில்லை. நான் பின்னால் வந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, அந்த உயரத்தில் இரண்டுக்கும் போதுமான காற்று இல்லை.

கடைசிப் படி முடிந்து தரை வந்தது. எங்கள் வண்டி அங்கேதான் நின்றிருந்தது. ஆம்புலன்ஸ் இன்னும் கீழே, வளைவுக்குப் பக்கத்தில். ஸ்ட்ரெச்சர் எங்கள் வண்டியைத் தாண்டிப் போனது, அண்ணனும் கூடவே போனார்.

அண்ணி கண்ணாடியை இறக்கினார்.

"ஏங்க, யாரு பை அது? எங்க போறீங்க?"

"இரு, குடுத்துட்டு வர்றேன்," என்றார் அண்ணன், நிற்காமல்.